கல்லூரியில் மடிக்கணினி களவுபோகாமல் காப்பது எப்படி: புதிதாகச் சேரும் மாணவர்களுக்கான வழிகாட்டி

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் அடையாள அட்டை, விடுதி அறை, பாட அட்டவணை என்று கவனிக்க வேண்டியவை பல இருக்கும். புதிதாக வாங்கிய மடிக்கணினி திருட்டுப் போய்விடாமல் காப்பதைப் பற்றி அப்போது எவரும் யோசிப்பதில்லை. ஆனால் அந்த முதல் வாரம்தான் அதற்கு மிகப் பொருத்தமான காலம். இங்கே சொல்லப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை, கணினி கையில் இருக்கும்போது மட்டுமே செய்யக்கூடியவை. காணாமல் போன பிறகு வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ள முடியாது. இருப்பிடம் காட்டும் வசதியை இயக்க முடியாது. ஒரு கோப்பைக்கூடப் படியெடுக்க முடியாது.

என்னுடன் படித்த ஒருவர், இறுதியாண்டில் ஆய்வறிக்கையைச் சமர்ப்பிக்க 11 நாட்களே இருந்தபோது, நூலக மேசையில் பையை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடித்துவரப் போனார். திரும்பி வந்தபோது பை இல்லை. அவரைக் கவனக்குறைவானவர் என்று யாரும் சொல்ல முடியாது. வாரந்தோறும் தவறாமல் தம் கோப்புகள் அனைத்தையும் வெளிப்புற வன்தட்டு ஒன்றில் படியெடுத்து வைத்திருந்தார். அந்த வன்தட்டும் அதே பையில்தான் இருந்தது. வேறொரு கணினியை வீட்டார் எப்படியோ வாங்கித் தந்தார்கள். எட்டு மாதங்களாக அவர் ஆய்வகத்தில் எடுத்த அளவீடுகளை யாராலும் வாங்கித் தர முடியவில்லை. இந்தக் கட்டுரையில் கணினியைப் பற்றிப் பேசும் அளவுக்கு அதற்குள் இருப்பதைப் பற்றியும் நான் கவலைப்படுவதற்கு அந்த நாள்தான் காரணம்.

முதல் படி: அடையாளங்களைக் குறித்து வைத்தல்

ஒவ்வொரு மடிக்கணினிக்கும் தயாரித்த நிறுவனம் தந்த வரிசை எண் ஒன்று உண்டு. பெரும்பாலும் அது கணினியின் அடிப்பகுதியில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். வாங்கிய பெட்டியின் மீதும், பல நேரங்களில் ரசீதிலும் இருக்கும். மேக் கணினியானால் திரையின் இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் குறியைச் சொடுக்கி, அந்தக் கணினியைப் பற்றிய விவரப் பக்கத்தைத் திறந்தால் தெரியும். அந்த எண்ணையும், மாடல் பெயரையும், வாங்கிய நாளையும் ஒரு தாளில் எழுதுங்கள். அடிப்பகுதியையும் ரசீதையும் படமெடுத்து, அவற்றை வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். இந்த விவரங்கள் திருடுபோகக்கூடிய கணினிக்குள்ளேயே இருந்தால் பயனில்லை என்பதை மறக்க வேண்டாம்.

இந்தச் சிறு வேலைக்கு இவ்வளவு அழுத்தம் தருவதற்குக் காரணம் உண்டு. காவல் துறையினர் திருட்டுப் பொருட்களைப் பறிமுதல் செய்யும்போது அவர்கள் முன் ஒரே நிறத்தில், ஒரே மாடலில் பல கணினிகள் இருக்கலாம். ‘கறுப்பு நிறம், 15 அங்குலத் திரை, மூலையில் ஒரு கீறல்’ என்ற வருணனையை வைத்து அவற்றில் எது உங்களுடையது என்று நிறுவ முடியாது. வரிசை எண் அந்த வழக்கை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும்.

கணினியின் வைஃபை முகவரியையும் கூடவே குறித்துக்கொள்வது நல்லது. இது 12 எழுத்துகளும் எண்களும் கலந்த அடையாளம். பிணைய அமைப்புகளில் காணலாம். திருடப்பட்ட கணினி மறுபடியும் கல்லூரி வளாகத்தின் பிணையத்தில் இணைக்கப்பட்டால், பிணைய நிர்வாகிகள் இந்த முகவரியைக் கொண்டு அதை அடையாளம் காண வாய்ப்புண்டு. பிணையத்துக்குப் பிணையம் முகவரியை மாற்றிக் காட்டும் அமைப்பு உங்கள் கணினியில் இயக்கப்பட்டிருந்தால் மட்டும் இது உதவாது.

உங்கள் கல்லூரியின் பாதுகாப்பு அலுவலகத்தில் மாணவர்களின் கணினிகளைப் பதிவுசெய்யும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உடனே பதிவுசெய்துவிடுங்கள். கணினியின் மூடியிலோ அடிப்பகுதியிலோ அழியாத வகையில் உங்கள் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் பொறித்து வைப்பதும் பலன் தரும். புதுப் பொருளின் அழகு கெடுகிறதே என்று மனம் வராமல் போகலாம். விற்கப் பார்ப்பவனுக்கும் அதே காரணத்தால்தான் அந்தக் கணினி பிடிக்காமல் போகும். தவறவிட்ட கணினியை நேர்மையான ஒருவர் கண்டெடுத்தால், அதை உங்களிடம் சேர்க்க அவருக்கு ஒரு வழியும் இருக்கும்.

இரண்டாம் படி: கோப்புகளுக்குப் பிரதிகள்

கோப்புகளைப் படியெடுத்து வைப்பதால் எந்தத் திருட்டும் தடைபடாது. ஆனாலும் இதைப் பூட்டுகளுக்கும் கடவுச்சொற்களுக்கும் முன்னால் வைக்கிறேன். மற்ற எல்லா ஏற்பாடுகளும் தோற்றுப்போகும் நாளில் உங்கள் படிப்பைக் காப்பாற்றப்போவது இது ஒன்றுதான்.

இதற்குப் பலரும் பின்பற்றும் எளிய கணக்கு ஒன்று உண்டு. பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய இந்த முறையை 3-2-1 என்று சொல்வார்கள். ஒவ்வொரு முக்கியக் கோப்பும் மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். அவை இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்புகளில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஒரு மாணவருக்கு இதன் பொருள் மிக எளிது: கணினியில் உள்ள மூலக் கோப்பு ஒன்று, வெளிப்புற வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. வன்தட்டை அறையில் பூட்டிய அலமாரியில் வையுங்கள். கணினியோடு சேர்த்து ஒரே பையில் சுமக்கும் வன்தட்டைப் பிரதி என்று கணக்கில் கொள்ளவே கூடாது.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், ஐகிளவுட் போன்ற இணையச் சேமிப்புகள் கோப்புறைகளைத் தாமாகவே ஒத்திசைத்துக்கொள்ளும். வசதிதான். ஆனால் ஒத்திசைவு என்பது இருபக்கமும் ஓடும் நீர். கணினியில் ஒரு கோப்பை அழித்தால் இணையத்தில் உள்ளதும் அழிந்துவிடும். கணினியைத் திருடியவர் அதைத் திறந்து உள்ளிருப்பதை அழித்தால் உங்கள் பிரதியும் போகலாம். அழித்த கோப்புகளை எத்தனை நாட்கள் வரை மீட்கலாம், பழைய பதிப்புகளுக்குத் திரும்ப முடியுமா என்று நீங்கள் பயன்படுத்தும் சேவையில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வெளிப்புற வன்தட்டுக்கு விண்டோஸில் ‘ஃபைல் ஹிஸ்டரி’, மேக்கில் 2007-இல் அறிமுகமான ‘டைம் மெஷின்’ ஆகியவை உள்ளமைந்த வசதிகளாகவே கிடைக்கின்றன. நிரல் எழுதும் மாணவர்கள் அன்றன்றைய வேலையை அன்றே, நிரலின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் இணையத்திலுள்ள ‘கிட்’ களஞ்சியம் ஒன்றுக்கு அனுப்பிவிடுவது நல்ல பழக்கம்.

பிரதி எடுத்ததோடு நிற்காமல், மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பை அந்தப் பிரதியிலிருந்து வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி இருக்கிறதா இல்லையா என்பதே உங்களுக்குத் தெரியாது.

மூன்றாம் படி: கணினிக்குள் இருக்கும் பூட்டுகள்

உள்நுழையக் கடவுச்சொல் வைத்திருக்கிறேன், அதனால் என் கோப்புகளை யாரும் பார்க்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. கடவுச்சொல் என்பது இயங்குதளத்தின் வாசற்கதவு. பல கணினிகளில் உள்ளிருக்கும் சேமிப்பகத்தைக் கழற்றி வேறொரு கணினியில் இணைக்கவோ, யூஎஸ்பி வழியாக வேறோர் இயங்குதளத்தைக் கொண்டு கணினியை இயக்கவோ முடியும். அப்படிச் செய்பவர் அந்தக் கதவுப் பக்கமே வரமாட்டார். சேமிப்பகம் முழுவதும் மறைகுறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி வைப்பது) செய்யப்பட்டிருந்தால் மட்டுமே அந்தக் கோப்புகள் அவருக்குப் புரியாத குப்பையாகத் தெரியும்.

விண்டோஸில் இதற்கான வசதி ‘பிட்லாக்கர்’. விண்டோஸின் பழைய பதிப்பான விஸ்டா காலத்திலிருந்தே இது இருந்து வருகிறது. ஹோம் பதிப்பில் முழுமையான பிட்லாக்கர் இருக்காது. ஆனால் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் அதன் எளிய வடிவம் பல கணினிகளில் கிடைக்கிறது. அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்பு தொடர்பான பகுதியைத் திறந்து, அது இயங்குகிறதா என்று பாருங்கள். மேக்கில் இதன் பெயர் ‘ஃபைல்வால்ட்’. 2011 முதல் முழுச் சேமிப்பகத்தையும் மறைகுறியாக்குகிறது. லினக்ஸ் பயன்படுத்துவோர், நிறுவும்போதே கேட்கப்படும் மறைகுறியாக்கத் தேர்வை ஏற்றுக்கொள்வது எளிது. பிறகு சேர்ப்பது சிரமமான வேலை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மறைகுறியாக்கத்தை இயக்கும்போது மீட்புச் சாவி ஒன்று உருவாகும். பிட்லாக்கரின் மீட்புச் சாவி 48 இலக்கங்கள் கொண்டது. ஏதோ ஒரு புதுப்பிப்புக்குப் பிறகோ பழுதுபார்ப்புக்குப் பிறகோ கணினி அதைக் கேட்கும் நாளில் அது உங்களிடம் இல்லையென்றால், திருடனுக்கு மூடிய கதவு உங்களுக்கும் மூடிக்கொள்ளும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்த்து, ஒரு பிரதியைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

அடுத்தது, திரை தானாகப் பூட்டிக்கொள்ளும் நேரம். இதை மூன்று அல்லது ஐந்து நிமிடங்களுக்கு மேல் வைக்க வேண்டாம். அதைவிட நல்லது, எழுந்திருக்கும்போதெல்லாம் கையாலேயே பூட்டுவது: விண்டோஸில் விண்டோஸ் விசையுடன் எல், மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட் விசைகளுடன் கியூ. ஒரு வாரம் பழகினால் விரல்கள் தாமாகவே செய்யும். இரவிலும் பயணத்திலும் மூடியை மட்டும் மூடாமல் கணினியை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். உறக்க நிலையில் இருக்கும் கணினியின் நினைவகத்தில் மறைகுறியாக்கச் சாவி இருந்துகொண்டே இருக்கும். அணைத்த கணினியில்தான் அந்தப் பாதுகாப்பு முழுப் பலத்துடன் நிற்கும்.

இன்னொன்றையும் இங்கேயே செய்துவிடுங்கள். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருப்பீர்கள். சரிபார்ப்பு எண் கைபேசிக்கு வரும். கைபேசியும் கணினியும் ஒரே பையில் இருந்து ஒன்றாகப் போய்விட்டால், உங்கள் சொந்தக் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாது. அத்தகைய நாளுக்காகவே கூகுள் போன்ற சேவைகள் மாற்றுக் குறியீடுகளைத் தருகின்றன. அவற்றை அச்சிட்டு, பையில் இல்லாத ஓரிடத்தில் வையுங்கள்.

நான்காம் படி: இருப்பிடம் காட்டும் வசதி

விண்டோஸ் 10-இல் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த புதுப்பிப்பு முதல் ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ என்ற வசதி இருக்கிறது. இது வேலை செய்ய, நீங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாக, நிர்வாகி உரிமையுடன் நுழைந்திருக்க வேண்டும். இருப்பிடச் சேவையும் இயக்கத்தில் இருக்க வேண்டும். காணாமல் போனால் வேறொரு கருவியிலிருந்து அதே கணக்கில் நுழைந்து, கணினி கடைசியாக இருந்த இடத்தைப் பார்க்கலாம், தொலைவிலிருந்தே பூட்டலாம். கணினி இயங்கி, இணையத்தில் இணைந்திருக்கும்போதுதான் இது புதிய இடத்தைக் காட்டும். தொலைவிலிருந்தே உள்ளிருப்பதை அழிக்கும் வசதி இதில் இல்லை. மறைகுறியாக்கத்தை முந்தைய படியிலேயே வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேக் பயன்படுத்துவோருக்கு ‘ஃபைண்ட் மை’ கூடுதலாகச் சில நன்மைகளைத் தருகிறது. கணினி இணையத்தில் இல்லாதபோதும், அருகே கடந்துபோகும் பிறரின் ஆப்பிள் கருவிகள் அதன் புளூடூத் சமிக்ஞையை உணர்ந்து இருப்பிடத்தைத் தெரிவிக்கும். தொலைவிலிருந்து அழிக்கவும் முடியும். ஆப்பிளின் சொந்தச் சில்லு அல்லது டி2 பாதுகாப்புச் சில்லு உள்ள மேக்குகளில், ‘ஃபைண்ட் மை’ இயங்கினால் ‘ஆக்டிவேஷன் லாக்’ என்ற பூட்டும் உடன் இயங்கும். முழுவதும் அழித்துப் புதிதாக அமைக்க முயன்றாலும் உங்கள் கணக்கின் கடவுச்சொல் இல்லாமல் அந்தக் கணினி திறக்காது. திருடியவர் கையில் அது விற்க முடியாத பொருளாகிவிடும். குரோம்புக்கில் இருப்பிடம் காட்டும் இத்தகைய வசதி இல்லாவிட்டாலும், உள்ளிருக்கும் தகவல் தொடக்கத்திலிருந்தே மறைகுறியாக்கப்பட்டிருக்கும்.

பைக்குள் போடும் சிறிய இருப்பிடச் சில்லைப் பற்றி மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஆப்பிளின் ஏர்டேக் 2021-இல் வந்தது. பிற நிறுவனங்களும் இத்தகையவற்றை விற்கின்றன. மறந்து வைத்துவிட்ட பையைத் தேடுவதற்கு அவை மிகச் சிறந்தவை. திருட்டுக்கு எதிராக அவற்றைப் பெரிதாக நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. ஒருவரை அவர் அறியாமல் பின்தொடர்வதைத் தடுப்பதற்காக, அறிமுகமில்லாத சில்லு கூடவே வருகிறது என்று கைபேசிகள் எச்சரிக்கும். திருடியவரின் கைபேசியும் எச்சரிக்கும். அதோடு, பையைக் குப்பையில் எறிந்துவிட்டுக் கணினியை மட்டும் எடுத்துச் செல்வதும் எளிது.

ஐந்தாம் படி: கேபிள் பூட்டு

மிதிவண்டியைக் கம்பத்தோடு பூட்டுவது போலவே மடிக்கணினியையும் மேசையோடு பூட்டலாம். பல மடிக்கணினிகளின் பக்கவாட்டில் சிறிய செவ்வகத் துளை ஒன்று இருக்கும். இதை அறிமுகப்படுத்திய நிறுவனத்தின் பெயராலேயே கென்சிங்டன் துளை என்கிறார்கள். பூட்டு வாங்குவதற்கு முன் அந்தத் துளையின் அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வழக்கமான துளை சுமார் 7 மில்லிமீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. மெல்லிய கணினிகளில் வரும் நானோ துளை சுமார் 6 மில்லிமீட்டருக்கு 2.5 மில்லிமீட்டர். ஆப்பு வடிவத் துளை உள்ள கணினிகளும் உண்டு. ஒன்றுக்கான பூட்டு மற்றொன்றுக்குப் பொருந்தாது. மேக்புக் போன்ற பல மெல்லிய கணினிகளில் துளையே இல்லை. அவற்றுக்கு அடிப்பகுதியில் ஒட்டும் தகடுகள் கிடைக்கின்றன.

கேபிளை எதில் கட்டுகிறோம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேசைக் காலைச் சுற்றிப் பூட்டினால், மேசையைச் சற்றே தூக்கிக் கேபிளை உருவி எடுத்துவிடலாம். இரு முனையும் மூடிய சட்டம், சுவரில் பதித்த வளையம், கட்டிலின் குறுக்குக் கம்பி ஆகியவையே பொருத்தமான இடங்கள். எண் பூட்டானால் தொழிற்சாலையில் வைத்த எண்ணை முதல் நாளே மாற்றுங்கள். பிறந்த ஆண்டை வைக்காதீர்கள். சாவிப் பூட்டானால் மாற்றுச் சாவியை வீட்டில் வையுங்கள்.

நல்ல வெட்டுக் கருவி கொண்டு வருபவரை இந்தக் கேபிள் தடுத்து நிறுத்தாது; அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் கல்லூரிகளில் நடக்கும் திருட்டுகளில் பல, கருவியோடு திட்டமிட்டு வருபவரால் நடப்பவை அல்ல. ஆளில்லாத மேசையைக் கண்டதும் கை நீளுகிறது. அந்தக் கைக்கு வேண்டியது ஐந்து வினாடிகள். கேபிள் பூட்டு அந்த ஐந்து வினாடிகளை இரண்டு நிமிடச் சத்தமாக மாற்றிவிடுகிறது. ஒரே இடத்தில் நெடுநேரம் அமர்ந்து வேலை செய்யும் விடுதி அறைக்கும் ஆய்வகத்துக்கும் இது மிகவும் பொருத்தமானது.

ஆறாம் படி: இடத்துக்கு இடம் பழக வேண்டிய பழக்கங்கள்

மேலே சொன்னவற்றை ஒரு நாளில் செய்து முடித்துவிடலாம். இனிச் சொல்வது படிப்பு முடியும் வரை நாள்தோறும் செய்ய வேண்டியது. என் கணிப்பில், திருட்டைத் தடுப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

நூலகத்திலிருந்து தொடங்குவோம். அமைதியான இடம், படிக்கும் மனிதர்கள், தெரிந்த முகங்கள் என்று மனம் அங்கே தளர்ந்துவிடுகிறது. கழிப்பறைக்கோ, புத்தகம் எடுக்கவோ, கைபேசியில் பேசவோ எழுந்து போகும் இரண்டு நிமிடம்தான் ஆபத்தான நேரம். அந்த இரண்டு நிமிடத்துக்கும் கணினியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இடம் பறிபோய்விடுமே என்றால் ஒரு குறிப்பேட்டை மேசையில் விட்டுச் செல்லுங்கள்.

எடுத்துச் செல்லவே முடியாத நிலையில், பக்கத்தில் இருப்பவரிடம் வாய்திறந்து கேட்டுவிட்டுப் போவது பேசாமல் போவதைவிடப் பல மடங்கு நல்லது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தாமஸ் மோரியார்ட்டி என்ற உளவியலாளர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், கடற்கரையில் ஒருவருடைய வானொலிப் பெட்டியை மற்றொருவர் திருடுவது போல நடிக்கவைத்தார். பொருளைப் பார்த்துக்கொள்ளுமாறு முன்பே கேட்டுக்கொள்ளப்பட்டவர்களில் 95 விழுக்காட்டினர் எழுந்து தடுத்தார்கள். அப்படிக் கேட்கப்படாதவர்களில் தடுத்தவர்கள் 20 விழுக்காட்டினர் மட்டுமே. பொறுப்பை ஒருவரிடம் சொல்லி ஒப்படைத்தால் அவர் அதை ஏற்றுக்கொள்கிறார். அதனால் பொதுவாக மேசையைப் பார்த்துச் சொல்லாமல், ஒருவரை நேராகப் பார்த்து, ‘நான் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன், அதுவரை இந்தக் கணினியைப் பார்த்துக்கொள்ள முடியுமா?’ என்று கேளுங்கள். சொன்ன நேரத்துக்குள் திரும்புங்கள். கூடுமானவரை உங்களுக்குத் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

உணவகத்தில் இடம் பிடிப்பதற்காகக் கணினிப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு வரிசையில் நிற்பவர்களைத் தினமும் பார்க்கலாம். இடம் பிடிக்கத் தண்ணீர்க் குப்பி போதும். சாப்பிடும்போது பையின் வாரை நாற்காலிக் காலிலோ உங்கள் காலிலோ சுற்றிக்கொள்ளுங்கள்.

தேர்வு நாட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். தேர்வறைக்குள் பை அனுமதிக்கப்படாததால் வாசலில் பைகள் குவிந்திருக்கும். உரியவர்கள் அனைவரும் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு வெளியே வரமாட்டார்கள் என்பது எவருக்கும் தெரியும். விளையாட்டுத் திடலின் ஓரத்தில் குவியும் பைகளுக்கும் இதே நிலைதான். தேர்வு நாளிலும் விளையாட்டு நாளிலும் கணினியை அறையில் பூட்டிவைத்துவிட்டு வாருங்கள். இதற்கு வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனி விடுதி. இங்கே திருட்டு நடப்பதற்குப் பூட்டை உடைக்க வேண்டியதில்லை, ஏனெனில் பல அறைகள் பூட்டப்படுவதே இல்லை. குளிக்கப் போகும் பத்து நிமிடம், எதிர் அறையில் பேசப் போகும் அரை மணி நேரம், காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்துத் தூங்கும் இரவு ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். ‘இதோ வந்துவிடுவேன்’ என்று நினைக்கும்போதுதான் பூட்ட வேண்டும். அறைத்தோழர்கள் அனைவரும் முதல் நாளே உட்கார்ந்து, கடைசியாக வெளியேறுபவர் பூட்டுவது என்றும், சாவியை நிலைப்படியிலோ மிதியடிக்கு அடியிலோ வைப்பதில்லை என்றும் ஒப்புக்கொள்வது நல்லது. ஒருவர் மட்டும் கவனமாக இருந்து பயனில்லை. சன்னலை ஒட்டிய மேசையில் கணினியை வைக்காதீர்கள். கம்பிகளுக்கு இடையே கை நுழையும், மெல்லிய கணினி வெளியே வந்துவிடும். அலமாரியில் பூட்டுவதானால், தாழ்ப்பாளின் திருகாணிகள் வெளியே தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால், எவ்வளவு பெரிய பூட்டைத் தொங்கவிட்டாலும் ஒரு திருப்புளி போதும்.

விடுதியில் மாணவர்கள் குடியேறும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும். பெட்டியோடு நடமாடும் எவரையும் யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த இரு நாட்களிலும் கணினி உங்கள் தோளிலேயே இருக்கட்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உடன் எடுத்துச் செல்லுங்கள். பழுதுபார்க்க வந்தவர், தூய்மைப் பணிக்கு வந்தவர், தேடி வந்த நண்பர் என்று யார் வந்தாலும், அறிமுகமில்லாதவரை அறையில் தனியே விட்டுச் செல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவாகாது. வளாக வாயிலில் உங்கள் பின்னாலேயே நுழைய முயலும் அறிமுகமற்றவரிடம், ‘யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள்?’ என்று பணிவாகக் கேட்கலாம்.

பயணத்தில், கணினிப் பை என்று பார்த்தவுடன் தெரியாத சாதாரணப் புத்தகப் பையே பாதுகாப்பானது. பேருந்திலும் ரயிலிலும் அதை மேல் தட்டில் வைக்காமல் மடியிலோ கால்களுக்கு இடையிலோ வைத்துக்கொள்ளுங்கள். தூங்க நேர்ந்தால் வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். வண்டி நிற்கும் வேளையில் கதவோர இருக்கையில் கணினியைத் திறந்து வைத்திருப்பது, பறித்துக்கொண்டு இறங்கி ஓடுவதற்கு வசதி செய்து கொடுப்பதாகும். காரில் விட்டுச் செல்வதைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால், நிறுத்துமிடத்துக்கு வருவதற்கு முன்பே பின்பெட்டியில் வைத்துவிட வேண்டும். நிறுத்திய பிறகு எல்லோர் கண்ணுக்கும் முன்னால் எடுத்து வைப்பது அறிவிப்புப் பலகை மாட்டுவது போன்றது.

காப்பீடு

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது. காப்பீடு எடுத்தால், எந்தச் சூழலில் பணம் தரமாட்டார்கள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். கவனிப்பாரின்றி விடப்பட்ட பொருள் திருடுபோனால் ஈடு இல்லை என்றோ, கதவையோ பூட்டையோ உடைத்ததற்கான அடையாளம் இருந்தால்தான் ஈடு என்றோ நிபந்தனை இருக்கலாம். அப்படியானால் திறந்த அறையிலிருந்தோ நூலக மேசையிலிருந்தோ போனது கணக்கில் வராது. தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் பழுதுக்கானது. திருட்டுக்கு அது பொருந்தாது.

திருட்டுப் போய்விட்டால்

முதலில் பதற்றம் வரும், அது இயல்பே. ஆனால் முதல் ஒரு மணி நேரம் மிகவும் மதிப்புள்ளது, அதனால் வேலைகளை வரிசையாகச் செய்யுங்கள். உடன் ஒரு நண்பரை வைத்துக்கொள்வது பெரிய துணை.

இடம் மாறி வைத்ததாகவோ, யாரேனும் எடுத்து ஒப்படைத்ததாகவோ இருக்கிறதா என்று அருகிலிருப்பவர்களிடமும் பொறுப்பாளரிடமும் கேளுங்கள். இல்லையென்றால் உடனே கல்லூரிப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்து, அந்த நேரத்துக்கான சிசிடிவி பதிவைத் தனியே எடுத்து வைக்குமாறு எழுத்தில் கேளுங்கள். இந்தப் பதிவுகள் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு புதிய பதிவுகளால் அழிக்கப்பட்டுவிடும் என்பதால் தாமதம் கூடாது.

நம்பகமான வேறொரு கருவியிலிருந்து இருப்பிட வசதியைத் திறந்து, கணினியைப் பூட்டுங்கள் அல்லது தொலைந்ததாகக் குறியுங்கள். இடம் தெரிந்தால் நேரத்தோடு சேர்த்துத் திரையைப் படமெடுத்து வையுங்கள். வரைபடத்தில் தெரியும் புள்ளி ஒரு கட்டடத்தையோ தெருவையோ காட்டுமே தவிர, எந்த வீடு, எந்த அறை என்று உறுதியாகக் காட்டாது. நீங்களாகவோ நண்பர்களோடோ அங்கே போகாதீர்கள். ஒரு கணினிக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. தவறான வீட்டுக் கதவைத் தட்டி நிரபராதி ஒருவரை அவமானப்படுத்தவும் கூடாது. அந்தப் படத்தைக் காவல் துறையிடம் கொடுங்கள்.

காவல் நிலையத்தில் புகார் தரும்போது வரிசை எண், ரசீது, திருடுபோன இடம், கடைசியாகப் பார்த்த நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, புகாரின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டுக்கும், துறையில் சமர்ப்பிப்பு நாளை நீட்டித்துக் கேட்பதற்கும் அது தேவைப்படும்.

கடவுச்சொற்களை மாற்றும்போது மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றும் வழி மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. அது பிறர் கையில் இருக்கும்வரை மற்றவற்றை மாற்றுவதில் பொருளில்லை. பிறகு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் தேர்வை அழுத்துங்கள். அடுத்து வங்கி, கல்லூரிக் கணக்கு, உலாவியில் கடவுச்சொல் சேமித்திருந்த தளங்கள் என்று போகலாம்.

மேக் பயனர்கள் இங்கே ஒரு தவறு செய்துவிடக் கூடாது. தொலைந்த கணினியை ‘ஃபைண்ட் மை’ கருவிப் பட்டியலிலிருந்து நீக்கினால் ஆக்டிவேஷன் லாக்கும் நீங்கிவிடும். எனவே அதை அங்கேயே விட்டுவையுங்கள். சில நாட்கள் கழித்து, உங்கள் கணினி கிடைத்துவிட்டது, இந்த இணைப்பில் நுழைந்து உறுதிசெய்யுங்கள் என்று குறுஞ்செய்தி வரக்கூடும். ஆவலில் அதைத் திறந்து கடவுச்சொல்லைத் தட்டிவிடாதீர்கள். அந்தப் பூட்டைத் திறக்க வேண்டியவர்கள்தான் பெரும்பாலும் அப்படி எழுதுகிறார்கள். அதேபோல், விற்பனைத் தளம் ஒன்றில் உங்கள் கணினியைப் போன்ற ஒன்றைக் கண்டால், வாங்குபவர் போலப் பேசிச் சந்திக்கப் போகாமல், அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் காவல் துறைக்குத் தெரிவியுங்கள்.

கணினி திரும்பக் கிடைத்துவிட்டால் மகிழ்ச்சியில் உடனே திறந்து கடவுச்சொற்களைத் தட்டத் தொடங்க வேண்டாம். அது பிறர் கையில் இருந்த நாட்களில் உளவு நிரல் ஏதேனும் நிறுவப்பட்டிருக்கலாம். உள்ளிருக்கும் கோப்புகளில் இணையத்தில் பிரதி இல்லாதவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சேமிப்பகத்தை முழுவதும் அழித்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள். அதன் பிறகு இரண்டாம் படியிலிருந்து மறுபடியும் தொடங்கி, பிரதிகள், மறைகுறியாக்கம், இருப்பிட வசதி ஆகியவற்றை ஒவ்வொன்றாக இயக்கிவிட்டு, கணினி கிடைத்துவிட்டதைக் காவல் நிலையத்துக்கும் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள்.